துள்ளி இழுக்கும் நாயும் வாய்க்கால் கரை நடையும்

திருவையாற்றுக்கு அருகிலிருந்து நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் சொற்களில் திருப்பிச் சொல்லிக்கொள்கிறேன். பதினான்கு மாத வயதுடைய, சிப்பிப்பாறை என்ற வேட்டை இனம் கலந்த ஆண் நாய். வீட்டுக்குள் சாது, வாசலைத் தாண்டினால் துள்ளல், இழுப்பு, எதிரே வருபவர் மேல் ஏறுதல், இருசக்கர வண்டியைக் கண்டால் குரைப்பு. சென்ற மாசியில் வாய்க்கால் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த வாத்துக் கூட்டத்தைப் பார்த்து அது பாய்ந்தபோது, சங்கிலியைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்த உங்கள் தாயார் விழுந்து மணிக்கட்டு முறிந்துவிட்டது. அடித்தால்தான் அடங்கும் என்கிறார் ஒருவர். நாள் முழுவதும் கட்டிப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். எது சரி என்று கேட்டிருக்கிறீர்கள். கேள்வி இந்த வடிவில் இருந்தாலும், அதன் அடியில் வேறு இரண்டு கேள்விகள் இருப்பதாக எனக்குப் படுகிறது. இந்த நாய் கெட்டுப்போன நாயா? உங்கள் தாயார் இனி அச்சமின்றி அதைக் கூட்டிக்கொண்டு நடக்க முடியுமா? நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், முதல் கேள்விக்கு இல்லை என்பதே என் பதில். இரண்டாவதற்கு, முடியும் என்கிறேன். ஆனால் அதற்குச் சில மாதங்கள் ஆகும்; அந்த மாதங்களின் வேலையில் பெரும்பகுதி சாலையில் நடப்பதைவிட உங்கள் வீட்டுக் கொல்லையில் நடக்க வேண்டியது.

நான் கால்நடை மருத்துவன். தஞ்சாவூர், திருவாரூர் மாவட்டங்களின் சிற்றூர் மருந்தகங்களில் இருபத்தெட்டு ஆண்டுகள் பணியாற்றினேன். அந்தக் காலத்தில் என் மேசைக்கு வந்தவை பெரும்பாலும் மாடுகளும் ஆடுகளும்தான். வேலை நாள்களின் கடைசிப் பத்தாண்டுகளில்தான் நாய்கள் மிகுந்தன. ஓய்வு பெற்றபின் அக்கம்பக்கத்து ஊர்களில் நாய் வளர்ப்போருக்குப் பழக்கும் முறையைச் சொல்லிக்கொடுத்து வருகிறேன். கண்ணால் காணாத ஒரு நாயைப் பற்றி எழுதுகிறேன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாலின் உயரமும் காதின் மடிப்பும் ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவதைப் பத்து வரி விவரத்தால் சொல்ல முடியாது.

உறுதியாகத் தெரிந்தவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஆறு மாதத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு வயதுவரை நாய்க்கு விடலைப் பருவம். உடல் வளர்ந்துவிடும், தன்னை அடக்கிக்கொள்ளும் திறன் பின்தங்கியே வரும். குட்டியாக இருந்தபோது கேட்ட சொல்லை இப்போது கேளாததுபோல் நிற்பதைத் திமிர் என்று எடுத்துக்கொள்கிறோம். பெரும்பாலும் அது பருவத்தின் இயல்பு. நாள் முழுவதும் சங்கிலியில் கட்டப்பட்ட நாய் அடங்குவதில்லை. செலவழியாத ஆற்றலும் சலிப்பும் சேர்ந்து, அவிழ்த்துவிடும் அந்த அரைமணி நேரத்தில் இரண்டு மடங்காக வெளிப்படுகின்றன. அத்துடன், எல்லாவற்றையும் தொலைவிலிருந்து பார்த்துக்கொண்டு எதையும் முகர முடியாமல் இருக்கும் நாய், காலப்போக்கில் தெருவில் போகும் ஒவ்வொருவரையும் எரிச்சலோடு பார்க்கக் கற்றுக்கொள்கிறது. ஆகவே கட்டிப் போடுவது உங்கள் சிக்கலுக்குத் தீர்வாகாது. அது சிக்கலை வளர்க்கும்.

அடியைப் பற்றி இன்னும் அழுத்தமாகச் சொல்லவேண்டியிருக்கிறது. நீடாமங்கலம் பக்கத்தில் நான் பார்த்த ஒரு நாய், விருந்தினரைக் கண்டு உறுமியபோதெல்லாம் அடி வாங்கி வளர்ந்தது. ஓராண்டில் உறுமுவதை நிறுத்திவிட்டது. வீட்டார் திருந்திவிட்டது என்று மகிழ்ந்தார்கள். அதன் அச்சம் போகவில்லை, அதை அறிவிக்கும் ஒலி மட்டுமே போயிருந்தது. ஒரு நாள் எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் உறவினர் வீட்டுக் குழந்தையின் கன்னத்தைக் கடித்துவிட்டது. உறுமல் நாய் நமக்குத் தரும் எச்சரிக்கை. அதை அடித்து அணைத்துவிட்டால் நமக்கு மிஞ்சுவது கடி மட்டும்தான். நாய்க்கு நாம்தான் தலைவன் என்று காட்ட வேண்டும், மல்லாத்தி அமுக்க வேண்டும் என்று சொல்கிறவர்கள் ஓநாய்க் கூட்டத்தை எடுத்துக்காட்டுவார்கள். அந்தக் கருத்துக்கு அடிப்படையானது, உயிரியல் பூங்காவில் அடைத்துவைக்கப்பட்ட ஓநாய்களைப் பார்த்து ருடால்ப் ஷென்கெல் 1947இல் எழுதிய ஆய்வு. காட்டில் வாழும் ஓநாய்களைப் பல ஆண்டுகள் கவனித்த டேவிட் மெக், அவற்றின் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று 1999இல் விளக்கினார். தலைமைக்கான ஓயாத சண்டை அங்கே இல்லை. உங்கள் நாய் உங்கள் தாயாரை இழுத்தது அவரை ஆள்வதற்காக அன்று. வாத்து அந்தப் பக்கம் இருந்தது, அவ்வளவுதான்.

இனி மையமான செய்திக்கு வருகிறேன். எந்தச் செயலுக்குப் பின் விரும்பியது கிடைக்கிறதோ அந்தச் செயலை விலங்கு மீண்டும் செய்யும். தார்ண்டைக் என்ற அமெரிக்க உளவியலாளர் நூறு ஆண்டுகளுக்கு முன்பே பூனைகளை வைத்து இதைக் காட்டிவிட்டார். நாய் இழுக்கிறது, நாம் பின்னாலேயே போகிறோம், அது அந்த மின்கம்பத்தை முகர்ந்துவிடுகிறது. இழுத்தால் கிடைக்கும் என்று நாம்தான் நாள்தோறும் இருமுறை கற்றுக்கொடுக்கிறோம். இதைத் திருத்த அறிவுரையோ அதட்டலோ பயன்படாமல் போவதற்குக் காரணம், கிளர்ச்சி ஓர் அளவைத் தாண்டிவிட்டால் நாயின் காதில் எதுவும் ஏறாது என்பதுதான். அந்த அளவைக் கண்டுபிடிக்க என்னிடம் ஓர் எளிய சோதனை உண்டு. வேகவைத்த கோழி ஈரலைச் சிறு துண்டுகளாக நறுக்கிக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். வாத்தையோ வண்டியையோ பார்த்த நிலையிலும் அது திரும்பி வந்து ஒரு துண்டை மெதுவாக வாங்கித் தின்றால், அந்தத் தூரத்தில் அதற்குப் பாடம் நடத்தலாம். தின்பண்டத்தை முகர்ந்தும் பாராமல் விறைத்து நின்றாலோ, கையையே கடிப்பதுபோல் பறித்தாலோ, நீங்கள் மிக அருகில் வந்துவிட்டீர்கள், பேசாமல் பின்வாங்கிவிடுங்கள். நாற்பது அடியில் முடியாதது நூறு அடியில் முடியும். துள்ளும் நாயைப் பழக்குவதில் பாதி, இந்தத் தூரத்தை அறிந்து, அதை வாரத்துக்குச் சில அடிகள் குறைத்துக்கொண்டு வருவதுதான். மீதிப் பாதி பொறுமை.

அதற்குமுன் கையில் பிடிக்கும் பொருளை மாற்றுங்கள். இரும்புச் சங்கிலி உள்ளங்கையைக் கிழிக்கும்; கழுத்தை இறுக்கும் சங்கிலி மூச்சுக்குழலை நசுக்குவதோடு கண்ணின் உள் அழுத்தத்தையும் கூட்டும். தட்டையான, முரட்டுத் துணி நாடாவாலான ஆறடி நீள வார் ஒன்றும், மார்பைச் சுற்றிப் பூட்டும் ஹார்னஸ் ஒன்றும் வாங்குங்கள். ஹார்னஸில் முதுகுப்புறம் மட்டுமல்லாமல் மார்பின் நடுவிலும் ஒரு வளையம் இருக்க வேண்டும். அந்த முன்வளையத்தில் வாரை மாட்டினால், நாய் பாயும்போது அதன் உடல் உங்களை நோக்கித் திரும்பிவிடும், இழுக்கும் பலம் குறையும். சிப்பிப்பாறைக்கு மார்பு ஆழம், இடுப்பு ஒடுக்கம். ஆகையால் பின்புறமாக உருவிக்கொண்டு ஓடிவிடாதபடி, ஹார்னஸையும் கழுத்துப் பட்டையையும் சிறு கொக்கியால் இணைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தினால் சுருண்டுகொள்ளும் நீள வார் உங்களுக்கு வேண்டாம். இழுத்தால் நீளும் என்பதையே அது நாய்க்குச் சொல்லிக்கொடுக்கும். வார் எதுவானாலும் அதைக் கையிலோ மணிக்கட்டிலோ ஒருபோதும் சுற்றாதீர்கள், விரலை வளையத்துக்குள் நுழைக்காதீர்கள். மடித்து உள்ளங்கையில் வைத்துப் பிடித்தால், முடியாத நிலையில் விட்டுவிடலாம். நாயை விட்டுவிடுவது தோல்வி என்று நினைக்க வேண்டாம். எலும்பு முறிந்து கிடப்பவரால் ஓடிய நாயையும் தேட முடியாது.

முதல் இரண்டு வாரம் வாய்க்கால் கரையை மறந்துவிடுங்கள். கொல்லையிலோ மொட்டைமாடியிலோ ஒருநாளைக்கு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் ஐந்தே நிமிடம் போதும். பெயரைச் சொல்லுங்கள், அது முகத்தைப் பார்த்த அந்தக் கணமே ஒரு துண்டு கொடுங்கள். பெயருக்குப் பின் திட்டு வரக்கூடாது. திட்ட வேண்டுமானால் பெயர் சொல்லாமல் இருந்துவிடுங்கள். அடுத்து, வாரோடு நான்கடி நடங்கள். வார் தொய்வாக இருக்கும்போது உங்கள் காலோரத்தில் உணவைக் கொடுங்கள். வார் விறைத்தவுடன் நட்ட கம்பம்போல் நின்றுவிடுங்கள். இழுக்காதீர்கள், பேசாதீர்கள். அது திரும்பிப் பார்த்தோ ஓரடி பின்வந்தோ வாரைத் தளர்த்தியதும் நடையைத் தொடருங்கள். முதல் நாள் ஐந்து நிமிடத்தில் பத்தடிகூடப் போகமாட்டீர்கள், போகாவிட்டால் என்ன? மூன்றாவதாக ‘வா திரும்பு’ என்பதுபோல் ஒரு சொல்லை வைத்துக்கொண்டு, அதைச் சொன்னதும் இருவரும் சட்டென்று எதிர்த்திசையில் திரும்பி நடப்பதை விளையாட்டாகப் பழக்குங்கள். பின்னாளில் வாத்தோ வெறிகொண்ட தெருநாயோ எதிர்ப்படும்போது உங்களைக் காப்பாற்றப்போவது இந்தத் திரும்புதல்தான். வீட்டில் எல்லாரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா ‘உட்கார்’ என்றும் தம்பி ‘சிட்’ என்றும் சொல்லும் வீடுகளில் நாய் குழம்பிப்போவதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

உடற்பயிற்சி மட்டும் கொடுத்துக் களைப்பாக்கிவிடலாம் என்று பலர் நம்புகிறார்கள். ஓட விட்டுக்கொண்டே இருந்தால் நாய்க்கு மூச்சுப் பலம்தான் கூடும். அதைவிட மூக்குக்கு வேலை கொடுங்கள். காலை உணவைத் தட்டில் வைக்காமல் கொல்லையின் புல்லில் தூவிவிட்டால், அரைமணி நேரம் முகர்ந்து தேடித் தின்று, பின்பு தானே படுத்துறங்கும். நடையிலும் முகர்வதற்கு நேரம் விடுங்கள். இழுக்காமல் நடந்ததற்கு அந்த முகர்தலே பரிசாக இருக்கட்டும்.

வாத்து தனிச் சிக்கல். சிப்பிப்பாறை தென் மாவட்டங்களின் கரிசல் நிலத்தில் முயல் விரட்ட வளர்க்கப்பட்ட இனம். ஓடுவதைக் கண்டால் துரத்துவது அதன் குருதியில் ஊறியது. இந்த வேட்கையைப் பயிற்சியால் அடக்கி ஆளலாம், முற்றிலும் அழித்துவிட முடியாது என்பதே என் அனுபவம். சம்பா அறுவடை முடிந்ததும் நம் வயல்களில் வாத்துக் கிடைகளும் ஆட்டுக் கிடைகளும் இறங்கிவிடுகின்றன. ஒரே பாய்ச்சலில் நாலைந்து வாத்துகள் மிதிபட்டோ மூச்சடைத்தோ சாகும்; அவற்றை ஊர் ஊராக ஓட்டிவருகிறவருக்கு அதுதான் சோறு. ஆகவே எவ்வளவு பழகினாலும் வயல்வெளியில் உங்கள் நாயை அவிழ்த்துவிடாதீர்கள். உளுந்து, பயறு தெளிக்காத தரிசு கிடைத்தால், முப்பதடிக் கயிற்றை ஹார்னஸின் முதுகு வளையத்தில் கட்டி ஓடவிடலாம். கழுத்துப் பட்டையில் மட்டும் கட்டாதீர்கள், கயிறு தீரும் இடத்தில் கழுத்தெலும்பு அடிபடும். கிடையைத் தொலைவில் கண்டதும், நாய் விறைப்பதற்கு முன்பே பெயரைச் சொல்லுங்கள். திரும்பிப் பார்த்தால் ஈரலைக் கொடுத்து, திரும்பி நடங்கள். வாத்தைப் பார்த்தால் ஈரல் வரும் என்று அது எதிர்பார்க்கத் தொடங்கும் நாளில், வாத்தைக் கண்டதும் தானே உங்கள் முகத்தைப் பார்க்கும். ரஷ்ய உடலியலாளர் பாவ்லோவின் ஆய்வில் மணியோசை கேட்டு எச்சில் ஊறிய நாய்களின் கதையும் இதே வழியில் வந்ததுதான். வண்டிகளுக்கும் இதே முறை. பேருந்து நிறுத்தத்துக்கு எதிரேயுள்ள மரத்தடியில் அமர்ந்து, ஒவ்வொரு வண்டி கடக்கும்போதும் ஒரு துண்டு. வண்டி போனதும் நிறுத்திவிடுங்கள்.

ஆட்கள் மேல் ஏறுவதைத் தடுக்க முழங்காலால் முட்டுவதோ காலை மிதிப்பதோ தேவையில்லை. நான்கு காலும் தரையில் இருந்தால் மட்டும் கவனிப்பு. ஏறினால் முகத்தைத் திருப்பிக்கொண்டு மௌனம். விருந்தினருக்கும் இதையே சொல்லுங்கள். குழந்தைகள் வரும்போது ஓடாமல், கத்தாமல், கைகளைக் கட்டிக்கொண்டு மரம்போல் நிற்கக் கற்றுக்கொடுங்கள். பள்ளி விடும் நேரத்தில் நடைக்குப் போகாமல் இருப்பது இவை எல்லாவற்றையும்விட எளிது.

தெருநாய்கள் அதிகாலையிலும் இரவிலும் தம் எல்லையைக் காப்பதில் மும்முரமாக இருக்கும். பகலில் அவையே தூங்கிக்கொண்டிருக்கும். எந்தத் தெருவில் எத்தனை நாய்கள் என்று முதலில் நீங்கள் தனியாக நடந்து பார்த்துக்கொண்டு, வழியைத் தேர்ந்தெடுங்கள். கூட்டமாக வந்தால் ஓடாதீர்கள். ஓடுவது துரத்தலை அழைக்கும். கண்ணோடு கண் பார்க்காமல், நாயை உங்களுக்குப் பின்னால் நிறுத்தி, கைநிறைய பிஸ்கட்டை அவற்றின் முன் தூவிவிட்டு, முதுகைக் காட்டாமல் மெதுவாக விலகுங்கள். சட்டென்று விரிக்கும் குடை நல்ல தடுப்பு. அதைக் கண்டு உங்கள் நாய் மிரளாதபடி வீட்டிலேயே பழக்கிவிடுங்கள். நாய்கள் கடித்துக்கொண்டு உருளும்போது நடுவில் கையை விடவே கூடாது. நான் தையல் போடக் கண்ட கைகளில் பல அப்படிக் கிழிந்தவை. வாளித் தண்ணீரை வீசி ஊற்றினால் பெரும்பாலும் பிரியும்.

கடி பட்டால் செய்யவேண்டியதில் ஐயத்துக்கே இடமில்லை. ஓடும் நீரிலும் சோப்பிலும் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய் எதையும் அப்பாதீர்கள். அன்றே அரசு மருத்துவமனைக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ போய்த் தடுப்பூசியைத் தொடங்குங்கள். குருதி வரும் ஆழமான காயத்துக்கு ஊசியோடு இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவை. அதைக் கேட்டுப் பெறுங்கள். வெறிநோய் அறிகுறி தோன்றிவிட்டால் பிழைப்பது அரிதினும் அரிது. உங்கள் நாய்க்கு மூன்று மாத வயதிலும், அடுத்து மருத்துவர் குறிக்கும் நாளிலும், பின்னர் ஆண்டுக்கொரு முறையும் ஊசி போட்டிருக்க வேண்டும். ஊசி போட்ட நாயையே தெருநாய் கடித்தாலும் மருத்துவரிடம் காட்டி மறு ஊசி போடுங்கள்.

நம் பகுதிக்கே உரிய ஆபத்துகளும் உண்டு. வழக்கப்படி மேட்டூர் அணை ஜூன் 12 அன்று திறக்கப்பட்டுச் சில நாள்களில் வாய்க்கால்களில் நீர் வந்துவிடும். அணை மூடப்படும் ஜனவரி 28 வரை கரையில் நடப்பது ஈரக்களிமண்ணில் நடப்பது. அந்த மாதங்களில் மதகை ஒட்டியும் படித்துறை ஓரத்திலும் உங்கள் தாயார் நாயோடு போகவேண்டாம். நாய் நீரில் விழுந்தால் வாரை விட்டுவிடுங்கள். பெரும்பாலான நாய்கள் நீந்திக் கரையேறும், பின்னால் குதித்த மனிதர்தான் சுழலில் சிக்குவார். வயலில் எலிக்கு வைக்கும் சிங்க் பாஸ்பைடு கலந்த பொரியை நாய் தின்றுவிட்டால், பாலும் முட்டையும் ஊற்றிப் பார்த்துக்கொண்டிராமல் அந்தக் கணமே மருத்துவரிடம் கொண்டுபோங்கள். வண்டியின் கண்ணாடியைத் திறந்து வையுங்கள், ஏனெனில் வாந்தியிலிருந்து எழும் வாயு மனிதருக்கும் நஞ்சு. எலி பிடிக்க வரப்போரம் நட்டிருக்கும் தஞ்சாவூர்க் கிட்டி என்ற மூங்கில் பொறியில் மூக்கையோ பாதத்தையோ விட்டு அடிபட்ட நாய்களுக்கும் மருந்து போட்டிருக்கிறேன். வெள்ளம் தேங்கிய வயல்நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். சேர்த்துப் போடும் தடுப்பூசியில் அதுவும் அடங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். பொழுது சாய்ந்தபின் டார்ச்சு விளக்கும் தடியும் இல்லாமல் வரப்பில் நடக்காதீர்கள். பாம்பு கடித்த நாயை நடத்தாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். சித்திரை, வைகாசியில் புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத தார்ச்சாலையில் நாயின் பாதமும் வெந்துபோகும்.

இனி ஐயத்துக்கு இடமுள்ளவை. கருத்தடை செய்தால் அடங்கிவிடுமா என்று பலர் கேட்பார்கள். ஆண் நாய் ஊர் சுற்றுவதும் கண்ட இடத்தில் சிறுநீர் தெளிப்பதும் குறைய வாய்ப்புண்டு. துள்ளலும் துரத்தலும் குறையும் என்று வாக்களிக்க முடியாது, அச்சத்தால் குரைக்கும் நாய்க்கு அதனால் பயனில்லாமலும் போகலாம். வண்டியைக் கண்டு குரைப்பது கிளர்ச்சியா அச்சமா என்பதையும் நேரில் பார்த்தால்தான் பிரித்தறிய முடியும். வால் கால்களுக்கிடையே ஒடுங்கி, உடல் பின்வாங்கி நின்றுகொண்டு குரைத்தால் அச்சம். அப்படியானால் மேலே சொன்ன தூரங்களை எல்லாம் இரட்டிப்பாக்குங்கள். திடீரென்று குணம் மாறியிருந்தால், காதுச் சீழோ மூட்டு வலியோ உண்ணிக் காய்ச்சலோ காரணமாக இருக்கலாம். பயிற்சிக்குமுன் ஒரு முறை மருத்துவப் பரிசோதனை செய்துவிடுங்கள். ஒரத்தநாட்டிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரி உங்களுக்கு எட்டும் தொலைவில்தான் இருக்கிறது. உண்மையிலேயே யாரையாவது கடித்திருந்தால், என் எழுத்தை மட்டும் நம்பிப் பழக்காதீர்கள். மூச்சிரைக்கவும் நீர் குடிக்கவும் இடம்விடும் கூண்டு வடிவ வாய்க்கூட்டைப் பழக்கிவிட்டு, இத்துறையில் அனுபவமுள்ள ஒருவரை நேரில் வரச் சொல்லுங்கள்.

உங்கள் தாயாரின் கைக்கட்டைப் பிரித்ததும் அவரிடம் வாரைக் கொடுத்துவிட வேண்டாம். முதலில் அவர் கொல்லையில் அமர்ந்தபடி உணவைத் தூவட்டும், பெயர் சொல்லி ஈரலைக் கொடுக்கட்டும். விழுந்த நாளின் நடுக்கம் அவரிடமிருந்து போவதற்கும் சில நாள்கள் வேண்டும். பின்பு ஹார்னஸின் முதுகு வளையத்தில் இன்னொரு வாரை மாட்டி நீங்கள் பிடித்துக்கொள்ளுங்கள், முன்வளையத்து வார் அவர் கையில் இருக்கட்டும். வீட்டு வாசலிலிருந்து தெருமுனைவரை, வண்டி நடமாட்டம் இல்லாத பிற்பகலில் போய் வாருங்கள். பத்து நாள் தொடர்ந்து உங்கள் வார் ஒரு முறைகூட விறைக்காமல் இருந்தால் அதைக் கழற்றிவிடலாம். அதன்பிறகும் வாய்க்கால் கரைக்கு அவர் போகவேண்டிய கட்டாயம் ஒன்றும் இல்லை. தெருமுனைவரை முகர்ந்து முகர்ந்து நடந்த இருபது நிமிடமே அந்த நாய்க்கு நல்ல நடைதான்.